எல்லாருக்கும் ஒரு கிளை

தேனியில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், அவரை நல்ல மனிதர் என்றுதான் சொல்வார்கள். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. நல்ல மனிதராம்! யாருக்கும் 'இல்லை' என்று சொல்லத் தெரியாத ஒருவரைத்தான் இந்த ஊர் நல்ல மனிதர் என்கிறது. வாய் நிறையச் சிரிப்பார். கேட்டதற்கெல்லாம் தலையாட்டுவார். போகும்போது தோளைத் தட்டிவிட்டுப் போவார். தலையாட்டியதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் பார்த்தேன். அவருக்கு எதிர் மேசையில் உட்கார்ந்து மூன்று வருடம் பார்த்தேன். பெயரை எழுதப் போவதில்லை. பயமெல்லாம் ஒன்றுமில்லை, அந்தப் பெயரை என் விரலால் அடிக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

நான் உத்தமபாளையத்துக்காரி. 2006-இல் கம்ப்யூட்டர் படித்து முடித்தபோது வீட்டில் சென்னைக்கு அனுப்ப மாட்டேன் என்றார்கள். தேனிக்குப் பஸ்ஸில் போய் வருகிற தூரம் என்பதால் விட்டார்கள். டிராக்டர் சாமான் விற்கும் கடைக்கு மேல்மாடியில் நாலைந்து கம்ப்யூட்டர்கள், கரண்டு போனால் அலறுகிற ஒரு யூபிஎஸ், எண்ணெய் மில் வைத்திருந்த ஒரு முதலாளி, அவருக்குக் கீழே நம்மவர். இதுதான் எங்கள் கம்பெனி. ரத்தப் பரிசோதனை செய்கிற சின்னச் சின்ன லேப்களுக்கு ஒரு மென்பொருள் செய்து கொடுத்தோம். பேரை அடித்து, சோதனையில் வந்த எண்களை அடித்து, பொத்தானைத் தட்டினால் ரிப்போர்ட் அச்சாகி வரும். தேனி, போடி, சின்னமனூர், எங்கள் பாளையம், கம்பம் என்று பள்ளத்தாக்கு முழுக்க எங்கள் ரிப்போர்ட்தான்.

இங்கே ஒன்றை விளக்கியாக வேண்டும். நிரல் எழுதுகிற இடங்களில் ஒரு ஏற்பாடு உண்டு. யார் எந்த வரியை எப்போது மாற்றினார்கள் என்பதை எல்லாம் ஒரே இடத்தில் பத்திரமாக வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. அதில் மூல நிரலை டிரங்க் என்போம், அதாவது அடிமரம். புதிதாக ஒன்றைச் செய்து பார்க்க வேண்டுமென்றால் அடிமரத்தைத் தொடாமல், அதைப் போலவே ஒரு பிரதி எடுத்து அதில் வேலை செய்யலாம். அது பிராஞ்ச், கிளை. வேலை முடிந்ததும் கிளையில் செய்ததைக் கொண்டுவந்து அடிமரத்தில் சேர்த்துவிட வேண்டும். அதற்கு மெர்ஜ் என்று பேர். சேர்க்கிற நேரத்தில், ஒரே இடத்தை இரண்டு பேர் இரண்டு விதமாக மாற்றியிருந்தால் கம்ப்யூட்டர் நின்றுகொள்ளும். இது இருக்கட்டும், அது போகட்டும் என்று ஒரு மனிதர் உட்கார்ந்து முடிவு சொல்ல வேண்டும். நம்மவருக்கு வராதது அந்த ஒன்றுதான்.

"அதுக்கென்ன, ஒரு பிராஞ்ச் போட்டுருவோம்!" இதுதான் அவருடைய மந்திரம். போடி லேப்காரர் ரிப்போர்ட்டில் எஸ்டேட் பெயர் வேண்டும் என்றார். போட்டார் ஒரு பிராஞ்ச். சின்னமனூர்க்காரர் தலைப்பில் பிள்ளையார் படம் கேட்டார். அதற்கு ஒரு பிராஞ்ச். பாளையத்தில் அதே இடத்தில் 786 கேட்டார்கள். அதற்கும் ஒன்று. "எல்லாத்துலயும் சேர்ற மாதிரி ஒரே புரோகிராமா வச்சு, வேணுங்கிறவுகளுக்கு வேணுங்கிறதைக் காட்டலாமே சார்" என்று சேர்ந்த புதிதில் கேட்டேன்.

"பண்ணலாம்மா. சேக்கும்போது பாத்துக்கலாம்."

"எப்ப சார் சேக்கப் போறீங்க?"

"ஒரு ஞாயித்துக்கெழம உக்காந்தா முடிஞ்சிரும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை எந்தக் காலண்டரிலும் வரவில்லை. பெரியாற்றுத் தண்ணீரை வாய்க்கால் வாய்க்காலாகப் பிரித்து விட்ட பிறகு, ஒரு வாய்க்காலில் கரைத்த உரம் பக்கத்து வாய்க்காலுக்கு எப்படிப் போகும்? போடியில் ஒரு தப்பைச் சரி செய்தால் அது போடியோடு நிற்கும். அதே தப்பு சின்னமனூரில் அப்படியே இருக்கும். அடிமரமோ நான் சேர்வதற்கு முன்பே பட்டுப் போயிருந்தது. அதை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

அவர் கோம்பைக்காரர். கோம்பை என்றாலே நாய். செவலை உடம்பும் கருத்த மூஞ்சியுமாக, வீட்டுப் படியில் ஒரு அந்நியனை ஏற விடாது. எங்கள் லேப்காரர்கள் எல்லாருக்கும் அவர் ஒரு கோம்பைக் குட்டி தருவதாகச் சொல்லி வைத்திருந்தார். முதலாளிக்கு ஒன்று, போடிக்காரருக்கு ஒன்று, வங்கி மேனேஜருக்கு ஒன்று. எனக்கே ஒன்று உண்டு, நான் கேட்காமலே. உண்மையில் இருந்தது அவருடைய பெரியப்பா வீட்டு நாய் ஒன்றுதான், அதுவும் கிழடு. ஒருநாள் போடிக்காரரும் வங்கி மேனேஜரும் எங்கள் மாடிப்படியில் சந்தித்து, பேச்சுவாக்கில் இரண்டு பேருக்கும் சொல்லப்பட்டது ஒரே குட்டி, அதே காதில் வெள்ளை மச்சம் உள்ள குட்டி என்று தெரிந்துபோயிற்று. நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்கத் தயாரானேன். இவர் கூசுவார் என்று நினைத்தேன். கூச்சமா? "ரெண்டு பேருக்கும் உண்டு, இந்த ஈத்துல ஒண்ணு, அடுத்த ஈத்துல ஒண்ணு!" என்று இரண்டு பேர் தோளிலும் கை போட்டார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்கள். நல்ல மனிதராம்.

கல்யாண விஷயத்திலும் இதே கூத்துதான். கோம்பையில் மாமன் மகள், மயிலாடும்பாறையில் அத்தை மகள். மாமன் போன் பண்ணினால், "என் மனசு உங்களுக்குத் தெரியாதா மாமா, தைல பேசிருவோம்" என்பார். அத்தை போன் பண்ணினால், "உங்க பேச்சை மீறுவேனா அத்தை, தை பொறக்கட்டும்" என்பார். எனக்கு எதிரில்தான் இரண்டு போனும். இரண்டு தை பிறந்து போனது. அந்த அத்தை மகள் ஒருமுறை ஆபீசுக்கே வந்தாள். மயிலாடும்பாறையிலிருந்து வெயிலில் பஸ் மாறி வந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மச்சான், ஆமான்னு சொல்லுங்க, இல்ல வேணாம்னு சொல்லுங்க. ரெண்டுல எதைச் சொன்னாலும் நான் சங்கடப்பட மாட்டேன்" என்றாள். எவ்வளவு தெளிவான பெண்! இவர் அவளுக்குக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டு வந்தார். என்ன சொல்லி அனுப்பினீர்கள் என்று கேட்டதற்கு, "பாவம்மா, மனசு நோகாம அனுப்பிச்சேன்" என்றார். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்று சும்மாவா சொன்னார்கள்.

இதையெல்லாம் சிரித்துவிட்டு விட்டுவிடலாம். மைமூன் அக்கா விஷயத்தை அப்படி விட முடியவில்லை.

மைமூன் அக்கா கம்பத்தில் லேப் வைத்திருந்தார். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பல வருடம் மாதச் சம்பளத்துக்கு ரத்தம் எடுத்தவர், அதை விட்டுவிட்டு, கழுத்தில் காதில் இருந்ததைப் போட்டுச் சொந்தமாகத் தொடங்கிய லேப். கம்பத்தில் எல்லா லேப்பும் காலை ஏழு மணிக்கு மேல்தான் திறக்கும். ஆனால் ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்கள் விடியும் முன்பே ஜீப் ஏறிவிடுவார்கள். குமுளி மலையேறிக் கேரளத்துத் தோட்டத்தில் வேலை செய்துவிட்டுச் சாயங்காலம்தான் இறங்குவார்கள். அவர்கள் எப்போது ரத்தம் கொடுப்பது? அக்கா நாலரை மணிக்கே கதவைத் திறந்து வைத்தார். ஜீப் அந்தத் தெருவில் நின்று போகும். சாயங்காலம் ஜீப் திரும்பி வரும்போது எல்லார் ரிப்போர்ட்டும் தயாராக இருக்க வேண்டும், அப்போதுதான் அவர்கள் டாக்டரைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போக முடியும். எந்த ரிப்போர்ட் எந்த ஜீப்புக்கு என்று தெரிய, ரிப்போர்ட் தலைப்பில் ஜீப் நம்பர் வேண்டும் என்று கேட்டார். அதற்கு நம்மவர் போட்டதுதான் கம்பம் பிராஞ்ச். அதில் வேறு யாரும் கைவைக்க முடியாதபடி தன் பெயரில் பூட்டி வைத்திருந்தார். என்னிடம் போடி பிராஞ்ச் மட்டும்தான்.

விடிகாலையில் தனியாக லேப் திறக்கிற பெண் என்பதால் அக்காவுக்கும் ஒரு கோம்பைக் குட்டி சொல்லியிருந்தார். அக்கா அதை நம்பி ஒரு சங்கிலியே வாங்கி, வாசல் பக்கத்து ஆணியில் மாட்டி வைத்திருந்தார். நான் போகும்போதெல்லாம் அந்தச் சங்கிலி அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

தப்பு முதலில் வெளிப்பட்டது போடியில்தான். மீசையை முறுக்கி விட்ட ஒரு மிளகு வியாபாரிக்கு, கர்ப்பம் உறுதி என்று ரிப்போர்ட் அச்சாகி வந்தது! போடியே சிரித்தது. போய்ப் பார்த்தேன். மவுசால் ஒவ்வொரு பக்கமாக மூடித் திறந்து அடித்தால் ஒன்றும் ஆவதில்லை. கீபோர்டிலேயே வேகமாகச் சேமித்து அடுத்த ஆளுக்குப் போனால், முந்தைய ஆளின் எண்கள் அழியாமல் நின்றுவிடுகின்றன. அடுத்தவருக்குச் செய்யாத சோதனை இடம் காலியாக இருக்க வேண்டும். அங்கே முன்னவருடைய எண் உட்கார்ந்துகொள்கிறது. புதுப் பெயர் அடிக்கும் முன் பழையதை எல்லாம் துடைத்துவிடு என்று இரண்டே வரி எழுதினேன். போடியில் தீர்ந்தது.

அன்றைக்கே அவரிடம் போய் நின்றேன். "சார், இந்த ரெண்டு வரி எல்லா பிராஞ்சுக்கும் போகணும். முக்கியமா கம்பத்துக்கு. மைமூன் அக்கா கீபோர்டுலதான் அடிப்பாக. சாயந்தரம் ஜீப் வர்ற நேரத்துல அவுகளுக்கு மவுசைத் தொட நேரம் இருக்காது."

"ஆமாம்மா, முக்கியமான விஷயம். மெர்ஜ் பண்ணிருவோம்."

"நீங்க பூட்டைத் திறந்தா நானே இப்பவே ஒட்டிர்றேன். ரெண்டு வரி சார்."

"அப்படி ஒட்டுப்போடக் கூடாதும்மா. முறையா மெர்ஜ் பண்ணணும். உன் எஸ்டேட் பேரும் என் ஜீப் நம்பரும் ஒரே எடத்துல இருக்கு பாரு, மோதும். உக்காந்து பாக்கணும்."

எஸ்டேட் பெயர் மேலேயா, ஜீப் நம்பர் மேலேயா? இந்த மகத்தான கேள்விக்கு விடை காண அந்த மனிதரால் உட்கார முடியவில்லை. விளக்கெண்ணெய்! இதற்குள் அக்காவே ஒரு ரிப்போர்ட்டில் வேண்டாத எண் இருப்பதைக் கண்டுபிடித்துப் போன் பண்ணினார். நம்மவர் போனில் குழைந்ததை என் காதால் கேட்டேன். "அதைச் சரி பண்ணியாச்சேக்கா! இன்னைக்கே சிடி போட்டு கம்பம் பஸ்ல குடுத்து விடுறேன். கண்டக்டர்ட்ட வாங்கிக்கங்க." சரி பண்ணியாகிவிட்டது என்பது பொய்யில்லை பாருங்கள், போடியில் சரி பண்ணியாகிவிட்டது. அவர் சிடியில் ஏற்றி அனுப்பியது கம்பம் பிராஞ்ச். ஜீப் நம்பர் கொட்டை எழுத்தில் பளிச்சென்று விழும். அந்த இரண்டு வரி மட்டும் இருக்காது.

"சார், அது அதுல இல்லையே" என்றேன்.

"அடுத்த சிடில போயிரும்மா. இப்ப என்னாத்துக்கு அக்காவை வீணா பயமுறுத்தணும்?"

நான் அக்காவுக்குப் போன் போட்டு, சிடியை நம்ப வேண்டாம், மவுசாலேயே அடியுங்கள் என்று சொன்னேன். அக்கா இவருக்குத் திரும்பப் போன் பண்ணிக் கேட்டிருக்கிறார். இவர், "அந்தப் புள்ள புதுசுக்கா, அதுக்கு வெவரம் பத்தாது" என்று சொல்லியிருக்கிறார். ஒரு சின்னப் பெண் சொன்னதை நம்புவாரா, சிரித்த முகத்துப் பெரிய மனிதர் சொன்னதை நம்புவாரா? அக்காவைக் குறை சொல்ல என்னால் முடியாது.

போதும்பொண்ணு என்று ஒரு தோட்டத்துப் பெண். சோர்வாக இருக்கிறது என்று டாக்டரிடம் போனாள். ரத்தத்தில் சத்து எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து வரச் சொன்னார். அந்த ஒரு சோதனைதான். அவளுக்கு முந்தி ரத்தம் கொடுத்தவர் ஒரு கொத்தனார், அவருக்குச் சர்க்கரை முந்நூற்றுச் சொச்சம். சாயங்காலம் ஜீப் ஹாரன் அடிக்க அடிக்க, அக்கா விரல் பறக்க அடித்தார். கொத்தனாரின் சர்க்கரை போதும்பொண்ணின் தாளில் ஏறிவிட்டது. தான் கேட்காத சோதனை ஏன் வந்தது என்று டாக்டரும் யோசிக்கவில்லை, கூட்டம் அப்படி. சர்க்கரைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மறுநாள் விடிகாலையில் அந்தப் பெண் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒரு வாய் காப்பித் தண்ணியோடு ஜீப் ஏறியிருக்கிறாள். உச்சிக்கு முன்னால் ஏலச்செடிக்கு நடுவில் விழுந்துவிட்டாள். அதே ஜீப்பில் தூக்கிப் போட்டுக் கம்பத்துக்குக் கொண்டு வந்தார்கள். குளுக்கோஸ் ஏற்றியதில் கண் திறந்தாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் அதுவும் நடந்திருக்காது.

தகவல் வந்ததும் நம்மவர் என்னையும் கூட்டிக்கொண்டு கம்பத்துக்குப் பஸ் ஏறினார்.

முதலில் டாக்டர். "புரோகிராம்ல ஒண்ணும் இல்ல டாக்டர். லேப்ல படபடன்னு அடிக்கிறாக பாருங்க, அதுல ஒரு சின்னப் பிசகு. நான் சொல்லிர்றேன்" என்றார்.

அடுத்தது ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்த போதும்பொண்ணின் புருஷன். அவன் தோளைத் தட்டி, "லேப்ல தப்பு வர்றது சகஜந்தானப்பா. டாக்டர் ஒரு வார்த்தை கேட்டுட்டு மாத்திரை எழுதியிருக்கலாம். என்னத்தைச் சொல்ல!" என்றார்.

வெளியே வந்து முதலாளிக்குப் போன். "பெருசா ஒண்ணும் இல்லண்ணே. கரண்டு போய்ப் போய் வந்ததுல ஏதோ கொளறுபடி."

கடைசியாக அக்கா. லேப்பில் ஒரு ஆள் இல்லை. அக்கா ஒரு ஸ்டூலில் முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். காலையில் ஜீப்காரர்கள் வந்து வாசலில் நின்று சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். இவர் போய் எதிரில் உட்கார்ந்து, குரல் தழுதழுக்க, "உங்க மேல தப்பே இல்லக்கா. எல்லாம் எங்க மேலதான்" என்றார்.

அக்கா நிமிர்ந்தார். "அந்த ஒரு வார்த்தையை டாக்டருட்ட சொல்லிருங்க சார். அவுக ஆள் அனுப்பலைன்னா நான் இந்தக் கதவைச் சாத்த வேண்டியதுதான். எனக்கு வேற பொழப்பு தெரியாது."

"சொல்லிட்டேன்க்கா! முதல்ல அவரைத்தான் பாத்தேன்."

என்னால் அதற்கு மேல் முடியவில்லை. "என்ன சொன்னீங்கன்னும் சொல்லுங்க சார்" என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்பு! நானே சொன்னேன். டாக்டரிடம் சொன்னது, பெஞ்சில் சொன்னது, போனில் சொன்னது, அந்த இரண்டு வரி எங்கே கிடக்கிறது என்பது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அக்கா அவர் பக்கம் திரும்பினார். "டாக்டருக்கு ஒரு உண்மை, எனக்கு ஒரு உண்மையா சார்?"

"அப்படியில்லக்கா. ஒவ்வொருத்தர்ட்டயும் ஒவ்வொரு விதமாச் சொன்னாத்தான் மனசு ஆறும்."

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் காற்றுக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு, "எல்லாரும் சமாதானமாயிட்டாக, பாத்தியாம்மா?" என்றார். கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும்போல் இருந்தது. ஆபீசுக்குப் போகாமல் பாளையத்திலேயே இறங்கி வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் டாக்டரைப் போய்ப் பார்த்து உள்ளதைச் சொன்னேன். அவர், "யாரு தப்பா இருந்தா என்னம்மா, எனக்கு எதுக்கு வம்பு" என்று தன் ஆட்களை வேறு லேப்புக்கு அனுப்பத் தொடங்கிவிட்டார். முதலாளியிடம் போனேன். "அவரு நல்ல மனுசன்ம்மா. இந்த வாரம் மெர்ஜ் பண்ணிர்றேன்னு எங்கிட்ட சொல்லியிருக்காரு" என்றார். வேலையை விட்டேன். பாளையத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுக்கப் போனேன். நான் போகும்போதும் அவர் எழுந்து வந்து, "எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்மா" என்று வாழ்த்தினார்.

சில மாதம் கழித்து எனக்கே தலைசுற்றல். ரத்தம் கொடுக்க வேண்டியிருந்தது. பாளையத்தில் லேப் இல்லாமலா? ஆனாலும் அக்காவைப் பார்த்த மாதிரி இருக்கட்டும் என்று கம்பம் போனேன். ஜீப்புகள் எல்லாம் மலையேறிப் போயிருந்தன. டாக்டர் அனுப்புகிற கூட்டம் நின்றுபோனாலும் தோட்டத்துப் பெண்கள் அக்காவை விடவில்லை. விட்டால் அந்த நேரத்துக்கு வேறு யார் கதவு திறந்திருக்கிறது? போதும்பொண்ணுகூட வருகிறாளாம். அதில்தான் லேப் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"அன்னையிலேர்ந்து மவுசாலதான் புள்ள அடிக்கிறேன், ஒண்ணொண்ணா" என்றார் அக்கா. "ஜீப்காரவுக காத்துக் கெடந்து சலிச்சுக்கிறாக. அந்த சாரு புது சிடி குடுத்து விட்டாரு, நேத்துதான் ஏத்தினேன். எல்லாத்தையும் சேத்தாச்சு, இனி பயமில்லாம அடிங்கக்கான்னாரு. இன்னைக்குச் சாயந்தரத்துலேர்ந்து பழையபடி வேகமா அடிக்கலாம்னு இருக்கேன்."

அந்த ஆள் சொல்வது எதையும் நான் நம்புவதில்லை. ஆனால் உறுதியாகத் தெரியாமல் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஆட்டோ நின்றது. நம்மவர்தான். கூடவே அவருடைய அம்மா. அந்த அம்மாவுக்கு நாக்கு வறட்சி, மயக்கம், எல்லாச் சோதனையும் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஊசி என்றாலே அம்மாவுக்குப் பயம், அக்கா கைதான் தோதென்று கூட்டி வந்தாராம். என்னைப் பார்த்ததும் அதே சிரிப்பு, அதே நலம் விசாரிப்பு. அக்கா அந்த அம்மாவின் கையைப் பதமாகப் பிடித்து, நரம்பு தேடி, வலிக்காமல் ரத்தம் எடுத்தார்.

"சாயந்தரம் ரிப்போர்ட் வாங்கிக்கங்க சார்."

நம்மவர் தலையைச் சொறிந்தார். குரலைத் தாழ்த்தினார். "அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா? அம்மாவுது மட்டும் கம்ப்யூட்டர்ல போட வேணாம். கையால எழுதிக் குடுத்துருங்களேன்."

அக்கா கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எழுந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். யாரோ ஒரு பெயர் அடித்து, சர்க்கரைக்கு ஒரு எண் அடித்து, கீபோர்டிலேயே சேமித்தேன். அடுத்த பெயர் அடித்தேன். வேறு எதையும் அடிக்காமல் அச்சிட்டேன். பிரிண்டர் கறகறவென்று துப்பிய தாளை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன். இரண்டாவது பெயருக்குக் கீழே முதல் ஆளின் சர்க்கரை அப்படியே நின்றது.

அவர் தாளைப் பார்த்தார். "வேற பிராஞ்ச்ல இது சரியா இருக்கும்மா" என்றார்.

நான் வாயைத் திறக்கும் முன் அக்கா மேசையில் உட்கார்ந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அந்த அம்மாவின் பெயரை மேலே எழுதினார். "எழுதித் தர்றேன் சார், சாயந்தரம் வாங்க. போதும்பொண்ணு கேட்டிருந்தாலும் கையால எழுதிக் குடுத்திருப்பேன். அவளுக்குக் கேக்கத் தெரியல."

போதும்பொண்ணு யார் என்று அந்த அம்மா மகனைக் கேட்டார். "தெரிஞ்சவுகம்மா" என்றார் மகன். எழுந்து, அம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்து வாசல் வரை போனவர், ஆணியில் தொங்கிய சங்கிலியைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். முகம் மலர்ந்துவிட்டது.

"அக்கா, மறக்கலக்கா! அந்தக் குட்டி அடுத்த மாசம் கண்டிப்பா வந்துரும்."

அக்கா போய் ஆணியிலிருந்து சங்கிலியைக் கழற்றினார். முந்தானையால் தூசியைத் துடைத்து அவரிடம் நீட்டினார். "குட்டி வந்தா நீங்களே இதுல கட்டிக்கங்க சார். எனக்கு வேணாம்."

வேண்டாம் அக்கா, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்கு ஒரு 'இல்லை' வேண்டுமே. அது அந்த மனிதரின் வாயில் வராது. கை நீட்டி வாங்கிக்கொண்டார். ஒரு கையில் அம்மா, ஒரு கையில் நாய்ச்சங்கிலியோடு ஆட்டோவில் ஏறினார். அக்கா உள்ளே வந்து கம்ப்யூட்டரின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கிப் போட்டுவிட்டு, காலையில் ஜீப்பில் போனவர்களின் ரிப்போர்ட்டுகளைக் கையால் எழுத உட்கார்ந்தார்.